சண்முகத்தாய் கூவிய வெள்ளம்

பெயர் பேச்சிமுத்து, தகப்பனார் ராக்கையா, வயது ஐம்பத்திரண்டு, கூடலூர் கீழத்தெரு, கால்வாய் வெட்டுக் கூலி. 1894-ம் வருஷம் ஏப்ரல் 11-ம் தேதி, யாரும் அழைக்காமல் நானாக போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொல்வது:

வெட்டாட்களுக்குத் தண்ணீர் சுமக்கும் சண்முகத்தாய் என் தங்கை மகள். புருஷன் மலைக்காய்ச்சலில் செத்தபின், காலியாகும் குடத்துக்கு ஒரு பிடி கம்பு என்று வாங்கி இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றி வருகிறாள். போன கார்த்திகையில் அதே காய்ச்சலில் நான் விழ, எமன் ஏழு தடவை வாசலுக்கு வந்து திரும்பினான். நான் படுத்துக்கிடந்த பத்தொன்பது நாளும் அவள் தன் பங்குக் கூழை எனக்கு ஊற்றிவிட்டு, வெறுந்தண்ணீர் குடித்துப் படுத்தாள். அதன்பின் எழுந்து நடமாடிய நான், அந்த நன்றிக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தேன். மரம் அறுக்கும் மலையாளத்து ஆட்களுக்குத் தண்ணீர் என்றால் வெள்ளம். "அவுக கொட்டகையில போயி வெள்ளம்னு கூவு தாயி, குடம் இடுப்ப விட்டு எறங்கு முன்னயே காலியாயிரும்" என்றேன். அப்படியே ஆகி, தினம் இரண்டு பிடி கூடுதலாகக் கிடைத்தது.

நேற்று உச்சிப்பொழுதில், கரைமண் சரியாமல் மரமுட்டுக் கொடுக்க அந்த அறுப்பாட்களையும் கால்வாய்ப் பள்ளத்துக்குள் இறக்கியிருந்தார்கள். அவர்களைக் கண்ட சண்முகத்தாய் கரையில் நின்று, "வெள்ளம் வந்திருச்சு" என்று கூவினாள். மலைமேல் கட்டும் அணையிலிருந்து தண்ணீரை என்றைக்குத் திறந்துவிடுவார்களோ என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருந்த நம் ஊர் ஆட்கள் நாலாயிரம் பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையேறினார்கள். ரைட்டர் திருப்பிக் கேட்டதில், நாற்பது பேர் என்று திருத்திச் சொல்கிறேன். மேஸ்திரி சங்கிலி என்பவர் கரையிலிருந்த வேலமரத்தில் ஏறி விழுந்து கால் சுளுக்கிக்கொண்டார். அதன்பின் சாயங்காலம் வரை ஒருவரும் பள்ளத்தில் இறங்கவில்லை. அவள் வேண்டுமென்றே புரளி கிளப்பினாள், இனி வேலைத்தலத்தில் கால் வைக்கக்கூடாது என்று மேஸ்திரி இங்கே எழுதிக்கொடுத்திருக்கிறார். அப்படியானால் அவள் வீட்டில் நாளை அடுப்பு எரியாது.

ஆனால் முதலில் ஓடியவன் நான். பள்ளத்தில் கண்ணயர்ந்திருந்தவன், நானே சொல்லிக்கொடுத்த வார்த்தையை மறந்து, குதிரை தோற்கும் வேகத்தில் ஓடினேன். என்னைப் பார்த்தே மற்றவர்கள் ஓடினார்கள். அதன்பின் மேட்டில் மூச்சிரைத்துக் கிடந்த என்னிடம் அவள் குடத்தோடு வந்து, "இம்புட்டுத்தான் மாமா வெள்ளம், குடிங்க" என்றாள். குடித்தேன்.

ஆகையால் தண்டனை எனக்கு, குடம் அவளுக்கு என்று உத்தரவாக வேண்டும். நாலாயிரத்தையும் எமனையும் நீக்கி மற்றதெல்லாம் உண்மை. வாசிக்கக் கேட்டேன், சரி.

பேச்சிமுத்து கீறல் X