அந்த நம்பர் யார் பேரில் இருக்கிறது?

அவைக்கு அழகும் அமைதியும் சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் பாலேந்திரன் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை மனமுவந்து தந்த மன்றத்தின் மூத்தவர்களே, குண்டசாலையின் குடும்பத் தலைவிகளே, பல்லேகல தொழிற்சாலைகளில் பகலும் இரவும் மாறி மாறி உழைத்துவிட்டு இந்தப் பௌர்ணமிப் போயா விடுமுறையையும் எங்களுக்கு விட்டுக்கொடுத்து வந்திருக்கும் தங்கைகளே, ஹேவாஹெட்ட மலையிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி வந்து சேர்ந்த என் தாய்மார்களே, வாசற்படியில் நின்றபடி "இந்த லோயரம்மா எப்ப முடிப்பாங்க" என்று எட்டிப் பார்க்கும் தம்பிமாரே, உங்கள் அனைவருக்கும் இந்த வழக்கறிஞர் ஜெயராணி இரு கை கூப்பிச் சொல்லும் பின்னேர வணக்கம்.

கூட்டம் தொடங்கும்போது தலைவர் ஐயா எல்லோரையும் போனை அணைக்கச் சொன்னார். நானும் அதையே சொல்கிறேன். ஆனால் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரக் கதிரையில் இருக்கும் அந்த அக்கா மட்டும் அணைக்க வேண்டாம். அவருடைய மடியில் இருக்கும் அந்தச் சின்னப் போன் சத்தமாகவே கிடக்கட்டும். ஐயா, உங்கள் கட்டளையை உங்கள் மேடையிலேயே மீறுகிறேன். காரணத்தைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். ஐயா சிரிக்கிறார். "ஓம் பிள்ளை, சொல்லும் பாப்பம்" என்கிறார். உத்தரவு கிடைத்துவிட்டது.

எனக்குத் தந்த தலைப்பு, கைத்தொலைபேசி ஒப்பந்தங்களில் உள்ள சின்ன எழுத்துகள். கடுகு சைஸில் அச்சடித்திருப்பார்களே, அதுதான். யாருக்காக அதை அவ்வளவு சின்னதாக அச்சடிக்கிறார்கள்? வாசிப்பவனுக்காகவா, வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவனுக்காகவா? ஒரு சேலை வாங்கப் போனால் முந்தானையை விரித்துப் பார்க்கிறோம், கரையைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறோம், கடைக்காரப் பையன் அழுகிற வரைக்கும் அலுமாரியையே காலி பண்ண வைக்கிறோம். ஆனால் சிம் வாங்கும்போது? "எங்க கையெழுத்துப் போடணும் தம்பி?" அவ்வளவுதான் நம் விசாரணை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த அக்காவால் சில வாரமாகச் சிரிக்க முடியவில்லை.

அவர் பெயர் வீரம்மா. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறார். அவர் அனுமதி தந்ததால்தான் இதைச் சொல்கிறேன். அவருடைய ஒரே மகள் லோஜினி, குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் இறங்கிய அன்றே அவளுடைய போனை வீட்டுக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவளிடம் மிஞ்சியது மனப்பாடமாக இருந்த ஒரே ஒரு நம்பர். அது அம்மாவின் நம்பர். வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர்கள் தொழுகைக்கும் உறவினர் வீட்டுக்கும் போகும் நேரத்தில், அங்கே இருக்கும் போனில் இந்த நம்பருக்கு அழைப்பாள். அந்த வீட்டு நம்பர் இங்கே போன் திரையில் விழாது. அம்மா திருப்பி அழைக்க வழியில்லை. மகளை அனுப்பிய ஏஜென்சியைத் தேடிப் போனால் கதவில் பூட்டு. ஆக, தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இருந்தது ஒரே வாசல். அந்த வாசல் ஒரு நாள் சாத்திக்கொண்டது.

யார் சாத்தினார்கள்? கதை அங்கேதான் இருக்கிறது.

சில வருஷத்துக்கு முன்னால், தோட்டத்துக் கோயில் திருவிழா அன்று ஒரு கம்பெனி வேன் வந்தது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சிம் கொடுத்தார்கள். அடையாள அட்டை கேட்டார்கள். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? எல்லோரும் ஒருவரைத் தேடிப் போனார்கள். கோயில் கமிட்டித் தலைவர் கறுப்பையா. மனு எழுதினாலும் அவர் பேரில், தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டாலும் அவர் பேரில், தேர் வாடகைக்கு எடுத்தாலும் அவர் பேரில். "அண்ணே, இதையும் உங்க பேருலயே போட்டுருங்க." அவரும் பெருமையோடு அட்டையை நீட்டினார். லயத்தில் பாதிப் பேருடைய சிம் அன்றைக்கு அந்த ஒரு மனிதரின் பேரில் ஏறிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வீரம்மா அக்காவிடம் அடையாள அட்டை இல்லையா? இருந்தது. வீட்டு அலுமாரியில், கல்யாணச் சேலையின் மடிப்புக்குள், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. "ஏன் அக்கா அதைக் காட்டவில்லை?" என்று கேட்டேன். "அதைக் கொண்டுபோய்த் தொலைச்சிட்டா யாரும்மா எனக்கு இன்னொண்ணு குடுப்பா?" என்றார். என் தாய்மாரே, உங்களுக்கு அது புரியும். நாடற்றவர்கள் என்று நம்மைச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. ஓர் அட்டைக்காக நம் பாட்டன்மார் வரிசையில் நின்றே வயதானார்கள். அப்படிக் கிடைத்த அட்டையை நாம் சாமிபோல் பூட்டி வைக்கிறோம். பூட்டி வைத்துவிட்டு, இன்னொருவர் பேரில் வாழ்கிறோம்.

கறுப்பையா கெட்டவரா? இல்லவே இல்லை. அவர் ஒரு புதுப் போன் ஆசையில் கண்டி டவுனில் அதே கம்பெனியின் "குடும்பத் திட்டம்" ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டார். மலைக்குக் கொண்டுபோனால் சிக்னல் இல்லை. "இந்தச் சனியன் எனக்கு வேணாம்" என்று திரும்ப வந்து, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள இன்னொரு கையெழுத்துப் போட்டார். சின்ன எழுத்தில் இருந்தது இதுதான்: இதே அடையாள அட்டையில் உள்ள எல்லா இணைப்புகளும் இந்தத் திட்டத்துக்குள் வரும், திட்டம் முடிந்தால் அவையும் முடியும். அவர் பஸ் ஏறி ஊர் போய்ச் சேருவதற்குள் லயத்தில் பாதிப் போன்கள் ஊமையாகிவிட்டன.

வெள்ளிக்கிழமை வந்தது. போன் அடிக்கவில்லை. அடுத்த வெள்ளியும் அடிக்கவில்லை. வீரம்மா அக்கா சிக்னல் தேடி மலை உச்சிவரை போய்ப் பாறை மேல் நின்றார். அங்கே குவைத்தில் அந்தப் பிள்ளை என்ன நினைத்திருப்பாள்? அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாளா? அதை நினைத்து நினைத்தே இந்தத் தாய் சோறு இறங்காமல் கிடந்தார்.

லயத்தில் வாய் சும்மா இருக்குமா? "கறுப்பையா நம்பரையெல்லாம் வித்துட்டாரு" என்று கிளம்பியது ஒரு பேச்சு. அந்த மனுஷன் கோயில் சாவியைக் கொண்டுவந்து கமிட்டி மேசையில் வைத்தார். "இனிமே எந்தப் பேப்பர்லயும் நான் கை வைக்கமாட்டேன்" என்று வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். நான் அந்தக் கடுகு எழுத்துகளைக் கண்ணாடி போட்டு வாசித்தேன். கண் எரிந்தது, ஆனால் ஒரு வரி கிடைத்தது. துண்டித்த நம்பரைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வைப்பார்கள், அதற்குள் வந்தால் திரும்ப எடுக்கலாம், பிறகு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். பாருங்கள், நம்மைக் கட்டிப்போட்ட அதே சின்ன எழுத்தில்தான் கட்டை அவிழ்க்கும் வழியும் இருந்தது. எந்தத் தம்பியோ அங்கே "அப்படிப் போடு" என்கிறான். பொறு தம்பி, அடுத்த வரியைக் கேள். பதிவு செய்த வாடிக்கையாளர் நேரில் வந்தால் மட்டுமே தருவார்கள். அழுகிற அம்மா வாடிக்கையாளர் இல்லை. காத்திருக்கிற மகள் வாடிக்கையாளர் இல்லை. கறுப்பையாதான் வாடிக்கையாளர். அவரோ சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

நான் போய்ப் பேசினேன். சட்டம் சொன்னேன், நியாயம் சொன்னேன், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அக்கா உள்ளே போனார்.

"அண்ணே, ஊர் பேசினது தப்பு. நானும் கேட்டுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன், அதுவும் தப்புதான். ஆனா எம்மக கூப்புடுற வாசல் உங்க பேருல கெடக்கு. கோவத்தை வந்து பிறகு வச்சுக்குங்க. இப்ப சட்டையைப் போடுங்க."

அவர் சட்டையைப் போட்டார்.

கண்டிக் கிளையில் சஞ்சீவனி என்று ஒரு சிங்களத் தங்கை இருந்தார். உடைந்த தமிழில் பேசினாலும் உடையாத மனசு. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மே, பயம் வேணாம், இந்த நம்பர் இன்னும் யாருக்கும் குடுக்கல்ல" என்றார். நம்பரைத் திரும்பக் கொடுக்கும்போதே பேரையும் மாற்றலாம், இரண்டு பேரும் அட்டையோடு வந்திருந்தால் போதும் என்றும் அந்தத் தங்கைதான் சொன்னார். தமிழில் அச்சடித்த நிபந்தனைகளைக் கேட்டேன். உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். கேட்டால் கொடுக்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கைக்குட்டை, அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் அட்டை, நேற்று அடித்ததுபோலப் பளபளவென்று. "இதுக்கு முந்தி எங்க காட்டினீங்க?" என்று சஞ்சீவனி கேட்டார். "ஓட்டுப் போட மட்டும்" என்றார் அக்கா. பக்கத்தில் நின்ற கறுப்பையா, "இந்தா தங்கச்சி, இங்க போடு. இது ஒன் கையெழுத்து" என்று விரலால் இடத்தைக் காட்டினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அது நடந்தது இந்தப் புதன்கிழமை. இப்போது லயத்தில் ஒவ்வொருவராக அவரைக் கூட்டிக்கொண்டு கண்டிக்கு வருகிறார்கள், கோயில் சாவியும் திரும்ப அவர் இடுப்பில் ஏறிவிட்டது.

யாருடைய போன் அது? அக்கா எழுந்துவிட்டார் பாருங்கள். இல்லை அக்கா, உங்களுடையது இல்லை, உட்காருங்கள். வாசலில் நிற்கும் நம் தம்பியுடையது. அணைக்கச் சொன்னோமே ராசா. உன் பாட்டு நல்ல பாட்டுத்தான், ஆனால் இன்று அந்த அக்காவின் நெஞ்சு தாங்காது.

இப்போது புரிகிறதா ஐயா, நான் ஏன் கட்டளையை மீறினேன் என்று? நம்பர் திரும்பி வந்த பிறகு வரும் முதல் வெள்ளிக்கிழமை இன்று. தோட்டத்தில் சிக்னல் போய்ப் போய் வரும், குண்டசாலையில் நன்றாக இருக்கும் என்று நான்தான் அக்காவை இங்கே கூட்டி வந்தேன். மகள் இன்னும் முயற்சி செய்கிறாளா, கைவிட்டுவிட்டாளா, எங்களுக்குத் தெரியாது. ஆனால் வாசல் திறந்திருக்கிறது. அது அக்காவின் பேரில் திறந்திருக்கிறது.

என்ன ஸுலைஹா ராத்தா? "எண்ட நம்பர் மருமகன்ட பேருல ஈக்கி, அவர் நல்ல மனிசன்" என்கிறீர்கள். நல்ல மனிதர்தான். கறுப்பையாவும் நல்ல மனிதர்தான். ராத்தா, ஒப்பந்தம் மனசைப் பார்க்காது, பேரைத்தான் பார்க்கும்.

ஆகவே என் அன்புக்குரியவர்களே, கேளுங்கள். கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். இந்த நம்பர் யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள். இதிலிருந்து வெளியே வந்தால் எதெது என்னோடு சேர்ந்து போகும் என்று கேளுங்கள். பேசாமல் சும்மா வைத்திருந்தால் நம்பர் என்னாகும் என்று கேளுங்கள். தமிழில் தா என்று கேளுங்கள். பின்னால் வரிசை நீளுகிறதா? நீளட்டும். கவுண்டரில் முகம் சுளிக்கிறார்களா? சுளிக்கட்டும். வரிசையில் நின்று நின்று பேர் வாங்கிய சனம் நாம். வாங்கிய பேரை அலுமாரியில் வைக்கவா வாங்கினோம்? எடுங்கள் அந்த அட்டையை. சேலை மடிப்பிலிருந்து எடுங்கள், தகரப் பெட்டியிலிருந்து எடுங்கள், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுங்கள். உங்கள் குரல் போகிற கம்பியில் உங்கள் பெயர் இருக்கட்டும். அந்தப் பெயரை...

பொறுங்கள்.

அக்கா, இது உங்களுடையதுதான். பச்சைப் பொத்தான். பக்கத்தில் இருக்கிற தங்கச்சி, கொஞ்சம் அழுத்திக் கொடு. சபையோர் மன்னிக்க வேண்டும், ஒரு நிமிஷம் மூச்சுச் சத்தம்கூட வேண்டாம்.

அவள்தான். அக்காவின் முகத்தைப் பாருங்கள், அவள்தான்.

கைதட்டாதீர்கள், கைதட்டாதீர்கள், அந்தப் பிள்ளைக்குக் கேட்காது. சரி, தட்டிவிட்டீர்கள். என்னக்கா, என்ன கேட்கிறாள்? "ஏம்மா அங்க இவ்வளவு சத்தம்" என்று கேட்கிறாளாம். அக்கா பதில் சொல்கிறார், கேளுங்கள்: "நம்ம ஆளுங்கதாண்டி."

தலைவர் ஐயாவுக்கும், மன்றத்தாருக்கும், தேநீர் தரக் காத்திருக்கும் தங்கைகளுக்கும் நன்றி. என்னிடம் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது, அதை மடித்து வைத்துக்கொள்கிறேன். ஒரு தாய் பேசுகிறார். மெதுவாக, கதிரை சத்தம் போடாமல் எழுந்து வெளியே போவோம். வணக்கம்.