ஒன்றை அழித்துச் சைபர் போட்டேன்

நாய் கடிக்காது சார், தைரியமாக உட்காருங்கள். விழுப்புரம் சைபர் கிரைம் போலீஸிலிருந்து திண்டிவனம் வரைக்கும் இதற்காகவா வந்தீர்கள்? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனை நான் நம்புவதில்லை.

என் மருமகள் சங்கவி ஒரு பஸ் கம்பெனியின் டிக்கெட் விற்கும் சர்வரை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது மெஷின். தீபாவளி டிக்கெட் திறப்பதற்கு முந்தின வாரம் அவளுக்குத் தூக்கமே இல்லை. அப்படி என்ன மெஷின் என்று கேட்டேன்.

"ஒருத்தர் வந்து தட்டுனா, மெஷின் 'வா'ன்னு சொல்லி ஒரு இடம் ஒதுக்கும் மாமா. அவரு 'வந்துட்டேன்'னு பதில் சொன்னாத்தான் உள்ள சேர்க்கும். அதுவரைக்கும் அந்த இடத்தைப் புடிச்சிக்கினு காத்திருக்கும்."

"தட்டிட்டு ஓடிப்போயிட்டா?"

"அதான் பேஜாரு. வேணும்னே தட்டிட்டு பதில் சொல்லாம போறவன் ஆயிரம் பேரு. இடமெல்லாம் ரொம்பிடும். அப்புறம் நெசமான ஆளு தட்டுனாலும் காதுல வாங்காது."

"கூறுகெட்ட மெஷினு. கண்டவனுக்கும் இடம் குடுக்குது."

அவள் சிரித்தாள். அதற்கும் வழி இருக்கிறதாம். கூட்டம் முட்டினால் இடம் ஒதுக்காமல், வந்தவன் கையில் ஒரு ரகசிய எண்ணை மட்டும் கொடுத்து அனுப்பும். அந்த எண்ணோடு திரும்பி வருகிறவனை உள்ளே விடும். திரையில் ஒரு வரியைக் காட்டினாள்.

"இந்த வரி கடைசியில ஒன்னு இருந்தா அது வேலை செய்யும் மாமா. சைபர் போட்டா செய்யாது."

எனக்குப் படிப்பு மூன்றாவதோடு சரி. ஒன்றும் சைபரும் தெரியும்.

அவள் உடம்பை நினைத்துத்தான் செய்தேன், சார். இந்தத் தீபாவளி ஒழுங்காக நடந்தால் பெங்களூரில் பெரிய வேலை தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. என் மகன் இனியவன் அங்கே வீடுகூடப் பார்த்துவிட்டான். ஒரே படுக்கையறை. அந்த ஊர்க் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

டிக்கெட் திறக்கிற காலையில் சிலிண்டர்காரன் மணியடித்தான். அவள் எழுந்து போனாள். அவள் செய்வதைப் பார்த்திருக்கிறேன்; கீபோர்டில் மேல் அம்புக்குறியை அமுக்கினேன். அவள் கடைசியாக அடித்த வரி திரும்பி வந்தது. ஒன்றை அழித்துச் சைபர் போட்டு, பெரிய பொத்தானை அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் மெஷின் செவிடாகிவிட்டது.

ஊருக்கு வர முடியாதவர்கள் நிறையப் பேராம். பெருமுக்கல்லில் என் சின்னம்மா மகள் குப்பம்மாள் தன் மகனுக்காக முறுக்கு சுட்டுவைத்துக்கொண்டு பாதையைப் பார்த்தபடி இருந்தாள். அவன் வரவில்லை. முறுக்கை எனக்குக் கொடுத்தனுப்பினாள். நன்றாக இருந்தது. அடுத்த வருஷமும் தீபாவளி வரும்.

சங்கவிக்கு வேலை போயிற்று. தன் கைதான் தவறியிருக்கும் என்று அவளே நம்புகிறாள். உங்களிடமும் அப்படித்தானே சொன்னாள்? நல்ல பெண். நான் மறுத்துப் பேசவில்லை. அழுகிற பெண்ணோடு வாதாடக் கூடாது.

இப்போது பெங்களூரிலேயே வேறொரு சின்னக் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை கிளம்புகிறார்கள். எழுதிக்கொள்ளுங்கள், செய்தது நான்தான். கொஞ்சம் ஜல்தியாக முடித்துவிடுங்கள். வேலை மும்முரத்தில் என்னைக் கூப்பிட மறந்துவிட்டார்கள்; பையை நானே கட்டிவைத்துவிட்டேன். புது மெஷினுக்குப் பக்கத்தில் நம்பிக்கையான ஆள் ஒருவர் இருக்க வேண்டாமா?