இரவல் கன்வர்ட்டர்

சைலன்சர் வேலை பார்க்கிறவன் கை சுத்தமாக இருக்காது ஐயா. உங்கள் ஸ்டேஷன் நாற்காலியில் கறை பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெக்சிகோ நகரத்து இஸ்தபலாபா பேட்டையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் என்னிடம்தான் வருவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கம் புகையைச் சோதிக்கிறது. புகையைச் சுத்தமாக்கும் கன்வர்ட்டர் செத்துப்போன கார் தேறாது. தேறாத கார் ஓடக் கூடாது. புதுசு வாங்க இங்கே யாருக்கு வக்கிருக்கிறது? என்னிடம் நல்லது ஒன்று இருந்தது. சோதனையன்று மாட்டிவிடுவேன். கார் தேறி, கண்ணாடியில் வில்லை ஒட்டியதும் கழற்றிக்கொண்டு, வெறும் டப்பாவைப் பற்றவைத்து அனுப்புவேன். பேட்டையே அதை வைத்துத்தான் பிழைத்தது.

டாக்சி ஓட்டும் லெயோபார்தோ மட்டும் திருப்பித் தரவில்லை. அவன் மகள் சித்லாலிக்கு நான் ஞானத்தகப்பன். அந்த உறவில் அவனும் நானும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. தாயில்லாத பிள்ளை. விடிகாலையில் அவன் மெட்ரோ வாசலில் சவாரிக்குக் காத்திருக்கையில் பின் சீட்டில் தூங்குவாள், அங்கிருந்தே பள்ளிக்கூடம் போவாள்.

"பாப்பா இருமிக்கிட்டே கெடந்துச்சு, கொம்பாத்ரே. இத மாட்டின பெறகுதான் நின்னுச்சு. இங்கயே இருக்கட்டும்," என்றான்.

"அப்ப மத்தவங்க?"

"அவங்க பாடு எனக்கெதுக்கு? ரொம்ப நெருக்குனீங்க, சோதனைக் கூடத்துல போய் எல்லாத்தையும் சொல்லிப்புடுவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. வாசலில் காத்திருந்தவர்கள் என்னைத் திருடன் என்றார்கள். இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் ஜெயில். நீங்களே சொல்லுங்கள், நான் எங்கே போவேன்?

இதைவிட நல்லது ஒன்று கிடைத்திருக்கிறது, வண்டியை விட்டுவிட்டுப் போ என்றேன். நம்பி விட்டுப்போனான். கன்வர்ட்டரைக் கழற்றிக்கொண்டு வெறும் டப்பாவை மாட்டினேன். பின் சீட்டுக்கு நேர் கீழே வரும் இணைப்பை மட்டும் பற்றவைக்கவில்லை. அங்கே தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையாகக் கிடந்தது, புகை அதன் வழியே உள்ளே ஏறும் என்பது எனக்குத் தெரியும். குளிரில் அவன் எஞ்சினை அணைக்காமல் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருப்பான் என்பதும் தெரியும். அவனை நினைத்துத்தான் செய்தேன். அவன் சூடாக அதோலே சோளக்கஞ்சி குடிக்க இறங்கி, மற்ற டிரைவர்களோடு பேசிக்கொண்டு நின்றுவிடுவான் என்று யார் கண்டது? திரும்பி வந்தபோது சித்லாலிக்கு மூச்சில்லை.

குழந்தைக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை ஐயா. அன்று காலை வண்டியை எடுக்க அப்பனோடு வந்தவள், தூக்கக் கலக்கத்தில் பின் சீட்டில் சுருண்டுகொண்டாள். ஞானஸ்நானத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். குளிர்காற்று படக் கூடாதே என்று, கண்ணாடியையும் நானே ஏற்றி மூடினேன்.