புகை மெஷினுக்கு ஒரு ஹூடி

அனுப்பர்பாளையம் பேருந்தில் என் முன்சீட்டில் சாயப்பட்டறை ஆட்கள் இருவர். ஒருவர் பாய்லர் பார்ப்பவர், மற்றவர் எலக்ட்ரீசியன்.

“புகை அளக்கற மெஷினுக்குத் தொப்பி வெச்ச ஹூடி பனியன் போட்டு உட்டுமே அது அணைஞ்சு போகுதுங்களே?” என்றார் பாய்லர்காரர்.

எலக்ட்ரீசியன் சட்டென்று திரும்பினார். “எதுக்குங்க போட்டீங்க?”

“பஞ்சுத்தூசி உள்ள போயிருமுங்களே.”

“அட, மூணு நாளா ஃபியூஸ் மாத்தி மாத்திக் கை ஓஞ்சு போச்சுங்க. மெஷினைக் குளுத்தற ஃபேனை அடைச்சா அது கொதிக்காம என்ன பண்ணும்? இன்னொருக்கா ரீடிங் நின்னா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல பட்டறையப் பூட்டிருவாங்கன்னு ஓனர் புலம்பறாரு!”

“ஹூடி ஃபர்ஸ்ட் குவாலிட்டிங்க. குளிர் நாட்டு ஆர்டரு.”

“போனதும் மொதல்ல அதைக் கழட்டுங்க!”

பாய்லர்காரர் அடுத்த நிறுத்தம் வரை யோசித்தார்.

“அப்ப கையில்லாத பனியன் போட்டு உடலாங்களா?”