பன்னிரண்டு பாதைகளும் ஒரு முட்டியும்

— இந்த வீட்டின் வருங்காலத்தையே நிர்ணயிக்கப்போகும் அறிக்கை இப்போது வாசிக்கப்படும். கூடியிருப்போர் அமைதி காக்க வேண்டும்.

— கூடியிருக்கறது நான் ஒருத்தி. அதுவும் இடது காலைத் தலையணை மேல நீட்டிக்கிட்டு, எந்திரிச்சு ஓட வழியில்லாம உக்காந்திருக்கேன். வாசிங்க.

— "பேருந்து ஓட்டுநரும் என் மனைவியுமாகிய..."

— சர்வேயர் சார், நான் யாருன்னு எனக்குத் தெரியும். முன்னுரையைத் தாண்டுங்க.

— முன்னுரை மூணு பக்கம். அதுலதான் என் நடையே இருக்கு.

— டெப்போ டாக்டர்கிட்ட போக இன்னும் இருபத்தோரு நாள்தான் இருக்கு. உங்க முன்னுரையிலயே பாதி கழிஞ்சிடும். அந்த மனுஷன் முன்னாடி நாப்பது தடவை கிளட்ச்சை மிதிச்சுக் காட்டணும். முடியலைன்னா தொலைஞ்ச பொருள் கவுண்டர்ல கொண்டுபோய் உக்கார வச்சிருவாங்க. பதினாறு வருஷம் பஸ் ஓட்டினவ, எவனோ மறந்துட்டுப் போன குடைக்குச் சீட்டு ஒட்டிக்கிட்டு இருக்கணும்.

— அப்படி நடக்க விடுவேனா? அதுக்குத்தானே இந்த அறிக்கை. பிசியோ பொண்ணு என்ன சொன்னா?

— மேடு இல்லாத பாதையா பார்த்து, தினம் அரை மணி நேரம் சைக்கிள் ஓட்டுங்க, ரசிச்சு ஓட்டுங்கன்னா. அவ்வளவுதான். அந்த ஒரு வரியை வச்சுக்கிட்டு நீங்க பதினோரு பாதையை அளந்துட்டு வந்திருக்கீங்க.

— பன்னிரண்டு. முதலாவது, கால்வாய்க் கரை. சமதளம், நல்ல நிழல். ஆயினும் கைவிடப்பட்டது.

— ஏன்?

— மக்கள் எதிர்ப்பு.

— சைக்கிள் ஓட்டறதுக்கா?

— நான் சர்வே கருவியை நிறுத்தி ஒரு கண்ணை மூடினதுதான் தாமதம், கரையோரத்து வீட்டுக்காரங்க அத்தனை பேரும் பத்திரத்தைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. எங்க வீட்டை இடிக்கப் போறீங்களான்னு ஒரே சத்தம். இல்லீங்க, என் சம்சாரம் சைக்கிள் ஓட்ட வழி பார்க்கறேன்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பலை. ஒரு அம்மா மட்டும், இவ்வளவு அழகா எந்த ஆபீசரும் பொய் சொன்னதில்லைன்னு குடிக்கத் தண்ணி குடுத்தாங்க.

— ஏரியைச் சுத்தி ஒரு பாதை போகுமே?

— சரளைக்கல். சக்கரம் வழுக்கும். அப்புறம் அங்க ஒரு நாய். அதுக்கு என்னைப் பிடிக்கலை.

— காலைத் தூக்க ஊரெல்லாம் சர்வே கல்லு நட்டுக் குடுத்தவர்னு அது நன்றியோட இருந்திருக்கணுமே. சரி, கடைசியா எதைப் பிடிச்சீங்க?

— பழைய ரயில் பாதை. தண்டவாளத்தை எடுத்துட்டு சைக்கிளுக்கு விட்டிருக்காங்களே, அது. நூறு மீட்டருக்கு அரை மீட்டர்தான் ஏத்தம்.

— பஸ்ஸைப் பாலத்து மேல ஏத்தும்போது தினம் அதைத்தான் கீழ பார்ப்பேன். ரயில் போன வழின்னா மேடு சாதுவாத்தான் இருக்கும். என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்.

— கேள்விக்கும் ஆய்வுக்கும் வித்தியாசம் உண்டு டிரைவரம்மா. மொத்தம் நாலு கிலோமீட்டர். ஆறு பெஞ்சு. ஆறிலயும் உக்காந்து பார்த்தாச்சு, மூணாவது ஆடுது. இன்பம், பதினாலு.

— என்னது பதினாலு?

— ரசிச்சு ஓட்டணும்னு சொன்னாளே. அதையும் அளக்கணும்ல?

— இன்பத்தை எந்தக் கருவியில அளந்தீங்க?

— கருவியெல்லாம் இல்லை. நடந்து போகும்போது, நீ பக்கத்துல இருந்தா நல்லா இருக்குமேன்னு எத்தனை தடவை தோணுச்சோ, அத்தனை கோடு போட்டேன். கால்வாய்ல ஏழு. ஏரியில நாய் துரத்தினதால எண்ண முடியலை. இங்க பதினாலு.

— அந்த நோட்டை இங்க குடுங்க... நெசமாவே கோடு போட்டிருக்கீங்க.

— ஆபீஸ் நோட்டு. கசக்காதே.

— என்னங்க.

— ம்.

— பாதி வழியில முட்டி விட்டுருச்சுன்னா?

— பயமா இருக்கா?

— நாப்பது டன் லாரி எதிர்ல வந்தப்போகூட இப்படி இருந்ததில்லை. இப்ப மாடிப்படியைப் பார்த்தாலே ரெண்டு கையாலயும் கைப்பிடியைத் தேடறேன். டாக்டர் முன்னாடி மிதிக்கும்போது கால் நடுங்கிடுச்சுன்னா, அப்புறம் ஆயுசுக்கும் குடைதான்.

— நடுங்காது. மூணு வாரம் ஓட்டினா நீ நாப்பது என்ன, நானூறு மிதிப்பே. வழியில ஏதாவதுன்னா தாங்கிப் பிடிக்க நான் உன் பின்னாலயே வருவேன்.

— எப்படி, கருவியைத் தூக்கிக்கிட்டு நடந்தா?

— சைக்கிள்ல. வாசல்ல எட்டிப் பாரு, ரெண்டு நிக்குது. சிவப்பு உனக்கு. நீலம் எனக்கு.

— ஓ. அந்த அறிக்கையில, காயத்துக்குக் காரணம்னு என்ன எழுதியிருக்கீங்க?

— அது எதுக்கு இப்போ?

— வாசிங்க சார். கூடியிருப்போர் கேக்கறாங்க.

— "எதிர்பாராத புறவிசை ஒன்றின் மோதல்."

— அந்தப் புறவிசை எழுபத்தெட்டு கிலோ.

— எழுபத்தஞ்சு. பன்னிரண்டு பாதை நடந்ததுல குறைஞ்சிருக்கு.

— நீலத்தைக் கடையில திருப்பிக் குடுத்துட்டு நடந்தே வாங்க. நான் மெதுவாத்தான் மிதிப்பேன், பெஞ்சுக்கு பெஞ்சு நிப்பேன்.

— நடந்தா உன்னைப் பிடிக்க முடியுமா? சைக்கிள்ல வந்தா என்ன?

— உங்களுக்கு சைக்கிள் கத்துக்குடுக்கப் போய்த்தான் என் முட்டி போச்சு.