பூச்சியைப் பகையென்று சொல்ல மறுத்த ஆசிரியை

அன்பிலும் அறத்திலும் அணுவளவும் பின்வாங்காத ஆசிரியப் பெருந்தகையே! பாமணி ஆற்றங்கரைப் பாலகர்க்குப் படைப்பின் பெருமையைப் பாதம் சேற்றில் பதியப் பயிற்றுவித்த பண்பின் செல்வியே! நல்லாயன் தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்பை முப்பதாண்டுக்கும் மேலாகத் தம் சொந்த வீடுபோல் ஆண்ட திருமதி ஆரோக்கிய மதுரம் அவர்களே! பணி நிறைவு நாளில் உடன் பணியாற்றிய நாங்கள் உங்கள் முன் எழுந்து நிற்கிறோம். எங்கள் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்!

இவ்விடத்தில் உங்கள் நற்பண்புகளை அடுக்குவதே முறை. அடுக்கத் தொடங்கினால் பாதியிலேயே நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே, அவையோரே, நடந்ததை நடந்தபடி உங்களிடம் சொல்கிறோம். அம்மையார் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

மதுரம் டீச்சர் இந்தப் பள்ளிக்கு வந்த புதிதில், சன்னல் வழியே பறந்து வந்த பொறிவண்டு ஒன்று ஒரு பிள்ளையின் சிலேட்டில் உட்கார்ந்தது. வகுப்பே எழுந்து நின்று, "மருந்தடி! மருந்தடி!" என்று கத்தியது. அது என்ன செய்தது, எதைத் தின்று வாழ்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எழுத்துக் கற்கும் முன்பே நஞ்சுக்கு மருந்து என்று பேர் கற்று வந்திருந்த அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, தமக்கு இங்கே வேலை இருக்கிறது என்று அன்று டீச்சருக்குத் தோன்றிற்றாம்.

பள்ளிக்குப் பின்னால், கோயில் நிலத்தில் பள்ளிக்கென்று விடப்பட்ட சின்ன வயல் ஒன்று உண்டு. அதன் வரப்பே அவருடைய கரும்பலகை ஆயிற்று. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். கால்களை எண்ண வேண்டும். ஆறு இருந்தால் பூச்சி, எட்டு இருந்தால் சிலந்தி. அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கடைசியில் அதைப் படைத்தவருக்கு ஒரு நன்றி. "மனுசனைப் படைக்கிறதுக்கு முன்னாடியே ஆண்டவரு இதுங்களை எல்லாம் படைச்சு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு. நாம கடைசியா வந்தவங்க. பார்த்துக்கச் சொல்லித்தான் நம்மகிட்ட விட்டிருக்காரு, முதலாளியா இருக்கச் சொல்லல" என்பார். பிற சமயத்துப் பிள்ளைகள் தயங்கினால், "உங்க வீட்ல எப்படிக் கும்பிடுவீங்களோ அப்படிக் கும்பிடுங்கம்மா. நன்றி மட்டும் பாக்கி வைக்காதீங்க" என்பார்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அவ்வகுப்பில் செம்மொழி என்றொரு பெண்பிள்ளை இருந்தாள். பக்கத்து வயலைக் குத்தகைக்கு உழுத பகலவனின் மகள். அவள் தம்பி டெங்குக் காய்ச்சலில் பிழைத்ததே பெரும்பாடு. தட்டான் இறக்கையின் அழகை டீச்சர் வியந்துகொண்டிருந்தபோது அவள் எழுந்து, "கொசுவையும் கடவுள்தான் செஞ்சாரா டீச்சர்?" என்று கேட்டாள்.

எங்களில் எவராயினும் சமாளித்திருப்போம். டீச்சர் சமாளிக்கவில்லை.

"ஆமாம்மா, அவருதான் செஞ்சாரு. ஏன் செஞ்சாருன்னு எனக்குத் தெரியல. கொசு கடிச்சா அடி. தண்ணி தேங்காம பாத்துக்க. ஆனா கண்ணுல பட்டதையெல்லாம் கொசுன்னு நினைச்சு அடிக்காத."

கடவுள் காரியத்தில் தெரியவில்லை என்று ஓர் ஆசிரியை சொல்லலாமா என்று நிர்வாகக் குழுவில் அப்போதே முணுமுணுப்புக் கிளம்பியது. தெரியாததைத் தெரியும் என்று பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன் என்று பதில் சொல்லிவிட்டு, மறுநாளும் வரப்புக்குப் போனார்.

அந்த ஆண்டுச் சம்பாவில் புகையான் விழுந்தது. தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் அந்தப் பூச்சியை அறியாத குடும்பம் இந்த வட்டாரத்தில் இல்லை. பகலவனின் வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்தது. மருந்து அடித்தார், மறுபடியும் அடித்தார், வட்டம் பெருகியதே தவிர நிற்கவில்லை. பள்ளி வயலில் மருந்து படவே இல்லை, ஆனால் பயிர் நின்றது. வயிறு எரிந்து பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார் மனிதர்.

"பூச்சிக்குப் பள்ளிக்கூடம் நடத்துறீங்க! அங்க வளந்துதான் எல்லாம் எங்க வயலுக்கு வருது. எம் புள்ளைங்க சோத்துக்கு என்ன பண்ணும் டீச்சர்? சொல்லுங்க!"

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. ஒருவேளை அவர் சொல்வது உண்மையாக இருந்தால்? அந்தச் சந்தேகம் அன்று முழுக்கத் தம்மை அரித்ததாகப் பின்னொரு நாள் எங்களிடம் சொன்னார்.

நிர்வாகக் குழு கூடியது. தலைவர் சவரிமுத்து தன்மையாகத்தான் பேசினார்: "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடுங்க. வயலுக்கு மருந்தடிச்சிடுவோம். பூச்சிப் பாடத்தையும் இத்தோட விட்டுடலாம். ஊருக்குப் பதில் சொல்லணும்ல?"

"தப்புன்னு தெரிஞ்சா பூசை வரைக்கும் காத்திருக்க மாட்டேன் ஐயா, அவரு வீட்டுக்கே போய்க் கேட்டுடுவேன். தெரியாமக் கேக்க மாட்டேன். மருந்தடிக்கிறதா இருந்தா நான் வயலுக்குள்ள நிப்பேன். என் மேல அடிச்சுக்கச் சொல்லுங்க."

சொன்னபடியே நின்றார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்காலளவு சேற்றில், பயிருக்கு நடுவில். குழு சொல்லி ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வீரையன் வரப்பிலேயே நின்றுவிட்டார். "டீச்சர், கரை ஏறுங்க. உங்க மேல அடிச்சிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?" என்றார். டீச்சர் ஏறவில்லை. தம் வாய் செபம் சொல்கிறதா, பல்தான் கிட்டுகிறதா என்று தமக்கே தெரியவில்லையாம். வீரையன் ஸ்பிரேயரை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். ஊர் கூடியது. பகலவனும் வந்தார்.

"இறங்கி வாங்க தம்பி" என்றார் டீச்சர். "எங்கிட்ட இருக்குறதை நான் மறைக்கல. வந்து பாருங்க."

தூரை விலக்கிக் காட்டினார். புகையான் அங்கேயும் இருந்தது. கூட்டம் கேட்கும்படி அதை உரக்கவே சொன்னார். அதே தூரில் சிலந்திகளும் இருந்தன. நீரின்மேல் ஓடி ஓடிப் புகையானைப் பிடித்துக்கொண்டிருந்தன. பகலவன் தம் வயலுக்குப் போய் அதேபோல் குனிந்து பார்த்தார். புகையான் இருந்தது, சிலந்தி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இரண்டு முறை அடித்த மருந்து முதலில் கொன்றது சிலந்திகளைத்தான். பின்னாலேயே வந்த டீச்சர் சொன்னார்: "முதல்ல தண்ணிய வடிச்சு விடுங்க. மிச்சத்தையாவது காப்பாத்தலாம்." மடையை வெட்டப் பகலவனோடு வீரையனும் போனார், நாங்களும் போனோம்.

முழு வெற்றி என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். பகலவனின் வயலில் பாதி போயிற்று. பள்ளி வயலிலும் ஒரு மூலை தீய்ந்தது. அடங்காத ஆசிரியை என்று குழு அம்மையாரைப் பூம்புகார்ப் பக்கத்துக் கடலோரக் கிளைப் பள்ளிக்கு மாற்றியது. போனார். கடற்கரை மணலில் பூச்சி ஏது என்று சிரித்த மீனவப் பிள்ளைகளை உட்கார வைத்து, அடப்பங்கொடிப் பூவுக்குள் தேனீ நுழைவதைக் காட்டி, அங்கும் அதே பாடத்தை நடத்தினார்.

அவரைத் திரும்ப அழைக்கக் கேட்டு முதலில் குழுவின் முன் போய் நின்றது நாங்கள் அல்ல, பகலவன். "எனக்கு அந்த டீச்சர் மேல இன்னும் கோவம் இருக்கு. எங்கிட்ட அவங்க ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கல. ஆனா எம் பொண்ணு அவங்ககிட்டதான் படிக்கணும். தெரியலன்னா தெரியலன்னு சொல்ற டீச்சர் இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?" என்றார். பெற்றோர் பலர் அவர் பின்னால் நின்றனர். குழு இறங்கி வந்தது. அம்மையார் மீண்டும் முதல் வகுப்புக்கு வந்தார். வந்த அன்றே பிள்ளைகளோடு வரப்பில் இருந்தார்.

அம்மையீர்! இவ்வரலாற்றை இம்மடலில் சேர்க்க வேண்டாம் என்று நிர்வாகக் குழு எங்களைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டோம், சேர்த்துவிட்டோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர் பொறுத்தருள்க. பொறுக்க இயலாதெனினும் கேட்டருள்க! தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவும், தெரிந்ததற்காகச் சேற்றில் இறங்கி நிற்கும் துணிவும், எதிர்த்து வந்தவரைத் "தம்பி" என்று அழைக்கும் துணிவும் ஒருவரிடத்தே ஒருங்கே வாய்த்ததை அருகிருந்து கண்ட நாங்கள், இனியும் அடக்க ஒடுக்கமாகப் பேசுவோம் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நீங்கள் விடைபெற்றதும் பள்ளி வயலை மேடாக்கிக் கல் பதித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்குவதென்று குழுவில் தீர்மானம் ஆகியிருக்கிறது. உங்கள் முகம் வாடும் என்று இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. இப்போது வாட வேண்டியதில்லை, அம்மையீர்! நேற்றுக் காலை வீரையன் பம்புசெட்டைப் போட்டுத் தண்ணீர் வைத்தார்; பகலவன் தம் நாற்றங்காலிலிருந்து நாற்றுப் பறித்து வந்தார்; கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் செம்மொழி முன்னே நிற்க, ஆசிரியர்களும் பெற்றோருமாக இறங்கி, ஒரு மூலையும் விடாமல் நட்டு முடித்தோம். நடவு வயலைத் தூர்க்க இந்தக் காவிரி நாட்டில் எவருக்குக் கை எழும்? எழுமானால், அந்தக் கை முதலில் எங்களைத் தாண்டட்டும். நாங்களும் சேற்றில் நிற்கப் பழகிவிட்டோம்!

நோய் அணுகாமல், நோக்கம் தளராமல், பிள்ளைகளின் பிள்ளைகளும் உங்களைத் தேடி வர நீங்கள் பல்லாண்டு வாழ எல்லாம் படைத்தவர் அருள்வாராக! பத்து நாளில் பயிர் பச்சை பிடித்திருக்கும், வந்து பாருங்கள்.

என்றும் உங்கள் அன்பிற்குரிய,
நிலோஃபர், மாளவிகா, குஞ்சிதபாதம்
மற்றும் ஆசிரியப் பெருமக்கள், சத்துணவுப் பணியாளர்,
நல்லாயன் தொடக்கப்பள்ளி.