வீடு போன பின் வைத்த விருந்து

அவைக்குத் தலைமையேற்று, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் அருட்தந்தை அன்செல்மோ அவர்களே! பனியை மிதித்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! இந்தக் கோவிலின் கீழ்த்தளத்தையே மணக்க வைத்திருக்கும் தாய்மார்களே! தட்டு மடியில் இருப்பதால் கைதட்ட வழியின்றித் தவிக்கும் தோழர்களே! அனைவருக்கும் இந்த நிக்கானோரின் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். சிக்காகோ குளிரில் முட்டை லாரி ஓட்டுகிறவன். படிப்பு எட்டாம் வகுப்பு. அதிலும் பாதி, சன்னலுக்கு வெளியே. "அப்பா, சுருக்கமா பேசு. அழுதுடாதே. என் பேரை இழுக்காதே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள் மகள். முதல் கட்டளையை இதோ மீறிவிட்டேன்.

இன்று மெழுகுதிரித் திருநாள். இந்நாளில் நாம் சோளத் தோகையில் மாவும் கறியும் பொதிந்து அவித்த தமாலே தின்பது புதிதா? இல்லை. ஆனால் நம் தெருவின் தமாலே என்றைக்காவது கோவில் கீழ்த்தளத்தில் பரிமாறப்பட்டதுண்டா? ஏன் இங்கே? ஏன் ஒரு வீட்டில் இல்லை?

சென்ற மாதம், மூன்று அரசர் திருநாளன்று, வழக்கம்போல் தெரு முழுவதும் ஒஃபேலியா அக்காவின் அடுக்களையில் அடைந்து கிடந்தது. வளைய ரொட்டியை வெட்டினோம். உள்ளே ஒளித்த குழந்தை இயேசு பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர் வீட்டில்தான் இன்றைய விருந்து. அதனால்தானே நம்மில் பலர் அன்று பூனைபோல் முகர்ந்து பார்த்துத் துண்டு எடுக்கிறோம்!

"மொதல்ல நிக்கானோரை வாயைத் தொறக்கச் சொல்லுங்க! கன்னத்துல அடக்கிக்குவான்!" என்று கத்தினார் பழக்கடை புருதென்சியோ அண்ணன்.

"ஏ கெழவா, முழுங்கித் தொலைச்சிடாதே. விருந்தே வச்சிடலாம், ஆஸ்பத்திரி தாங்காது!" இது என் மனைவி.

சிரிப்பு அடங்கும் முன்பே, ஒஃபேலியா அக்கா தன் வாயிலிருந்து பொம்மையை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினார்.

அவையோரே! அடுக்களையில் சிரிப்பு செத்தது. சனவரி முடிவதற்குள் அவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது யாருக்குத் தெரியாது? வீட்டுக்காரக் கிழவர் கண்ணை மூடினார். டெக்சாஸில் இருக்கும் பிள்ளைகள் கட்டிடத்தை விற்றார்கள். நான்கு குடும்பம் வாழ்ந்த இடத்தை இடித்து, ஒரு குடும்பம் வாழ அரண்மனை எழுப்பப் போகிறார்கள்.

"குடுங்கக்கா என்கிட்ட. யாருக்கு வந்துச்சுன்னு யாரு பாத்தா?" புருதென்சியோ அண்ணன் கை நீட்டினார். நீண்டு பழக்கமில்லாத கை!

"ஆயுசுல ஒரு தடவை தாராளமாகிறே, அதுக்கு என் பொம்மைதான் கெடைச்சுதா? போடா! வந்தது எனக்கு. வைக்கிறது நான்."

"வீடு இல்லாம எங்கக்கா வைப்பீங்க?"

"அடுப்பு இருக்கிற எடத்துல."

வைத்தாரா இல்லையா? இப்போது குடிபோயிருக்கும் சிசரோ ஊரிலிருந்து நேற்று பேருந்தில் வந்தார். ஒரு வீட்டில் சோளத் தோகையை ஊறவைத்து, ஒரு வீட்டில் மாவைப் பிசைந்து, என் வீட்டில் கறியைக் கொதிக்கவிட்டு, அடுப்புக்கு அடுப்பு அலைந்தார். தன் தெருவுக்கே விருந்தாளியாக வந்து, தன் தெருவுக்கே விருந்து வைத்தார்!

வழியில் அவருடைய பழைய வாசல். சன்னல்களில் பலகை அடித்திருந்தார்கள். அக்கா நின்றார், படியில் கிடந்த பனியைக் காலால் ஒதுக்கத் தொடங்கினார்.

"அக்கா, அது இடிக்கப்போற வீடு" என்றேன், கூடவே வந்த நான்.

"பழக்கம்ப்பா. எவனாவது வழுக்கி விழுந்துடப் போறான்."

மகளே, இரண்டாம் கட்டளையும் போயிற்று.

மரம் வேண்டும் என்று நகரசபையில் மன்றாடியது யார்? நாம்! விளக்கு வேண்டும் என்று வீதியில் நின்றது யார்? நாம்! தெரு அழகானது, அழகாக்கியவர்கள் அகல வேண்டியதானது. மரம் நட்டோம், நிழலுக்கு வாடகை கேட்கிறார்கள்! வருகிறவர்களை நான் வெறுக்கவில்லை. நாயோடு நடக்கும் அந்தப் பையன் தினமும் எனக்கு வணக்கம் சொல்கிறான், நாயும் சொல்கிறது. ஆனால், ஒருவர் வருவதற்கு நால்வர் போகத்தான் வேண்டுமா? வீடு போனால் வேறு வீடு கிடைக்கும். சுவரைத் தட்டிச் சர்க்கரை கேட்கும் பக்கத்து வீடு கிடைக்குமா?

என்ன புருதென்சியோ அண்ணே? "அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்றே?" என்கிறீர்களா? பெரிய விடை என் போன்றவன் தலையில் ஏது? சொந்த வீடு வைத்திருப்பவர்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். விற்பதானால், வீட்டை விலைக்குக் கேட்டு வாசலுக்குத் தபால் அட்டை அனுப்புகிறவனிடம் சொல்லும் முன், தெருவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கூடிப் பேசுவோம், கூட்டாக வாங்க முடியுமா பார்ப்போம், முடியாவிட்டால் கூடி அழவாவது செய்வோம். ஒஃபேலியா அக்காவுக்கு இது பிந்திய பேச்சு. அடுத்தவருக்குப் பிந்த வேண்டாம்.

அக்காவின் பேருந்து வரும் நேரம். அண்டாக்கள் கனமானவை; ஆண்களெல்லாம் எழுந்து வாருங்கள். அவர் வீட்டைத் தாங்கிப் பிடிக்க முடியாத கைகள், அவர் பாத்திரங்களை நிறுத்தம் வரையாவது தூக்கட்டும்.

கேட்ட காதுகளுக்கு நன்றி. சமைத்த கைக்குத் தலைதாழ்ந்த நன்றி. வணக்கம்.